இருவர் பேரில் வந்த கட்டுரை

மயிலாப்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் சண்டைக்கு வருவாய் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். மஸ்கட்டில் வெயில் இறங்கிவிட்டதா? நைட் டியூட்டி மாறியதா? அந்தக் கழுத்துவலியை யாரிடமாவது காட்டினாயா? ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள் தன் வலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள மாட்டாய். ஜானும் நீயும், அண்ணனும் தங்கையும் இந்த விஷயத்தில் ஒரே அச்சு.

உன் வாய்ஸ் மெசேஜை முழுக்கக் கேட்டேன். நடுநடுவே அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி ஆரம்பித்தாயே, அத்தனையையும் கேட்டேன். எப்போதும் "சாருக்கா" என்கிறவள் எடுத்த எடுப்பில் "மேடம்" என்றபோதே உன் கோபம் புரிந்துவிட்டது. "செத்தவன் வந்து பதில் சொல்லமாட்டான்னுதானே மேடம் இம்மா தைரியம்? பேப்பரை வாபஸ் வாங்குனா உங்களுக்கு இன்னா நஷ்டம்? நீங்க இன்னும் நூறு எழுதுவீங்க. எங்களுக்கு அவன் ஒருத்தன்தான்" என்றாய். உடனே பதில் தட்ட உட்கார்ந்தேன். கோபத்தில் தட்டினால் ஏடாகூடமாகப் போய் முடியும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உங்கள் தெரு அசோகன் வியாழக்கிழமை மஸ்கட் வருகிறானாம். உன் அம்மா கொடுத்துவிடும் நெத்திலிக் கருவாட்டோடு இந்தக் கடிதத்தையும் வாங்கிக்கொள். கருவாட்டு வாசனையோடுதான் வரும், பரவாயில்லை.

நானும் ஜானும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றி உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். "ஜான் எழுதினது தப்பாம்" என்று மட்டும் காதில் விழுந்திருக்கிறது. தப்பு என்றதும் திருட்டு என்று எடுத்துக்கொண்டாய். திருட்டு இல்லையடி அசடே. என்ன நடந்தது என்று சொல்கிறேன், கோபத்தைக் கொஞ்சம் ஓரம் கட்டிவிட்டுப் படி.

எங்கள் வேலையில் அடுப்பும் கிடையாது, புகையும் கிடையாது. ஒரு பொருளை நிஜமாகச் செய்வதற்கு முன்னால், அது எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் அணு அணுவாக அடுக்கிப் பார்ப்போம். ஒரு அணுவைப் பக்கத்து அணு எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்குப் போட்டு, இம்மியளவு நகர்த்தி, மறுபடி கணக்குப் போட்டு, மறுபடி நகர்த்த வேண்டும். இப்படியே வாரக்கணக்கில் ஓடும். ஜானுக்கு அதில் பைத்தியம். பேட்டரிக்குள் இருக்கிற திரவம்தான் தீப்பிடிக்கிறது, அதற்குப் பதிலாக ஒரு கெட்டிப்பொருள் வேண்டும், அதன் வழியாக சோடியம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பான். ஏன் சோடியம் என்று கேட்டால், "உப்புல கீறது அதான சாரு. கடல் பூரா கொட்டிக் கெடக்குது, எவன்கிட்ட போய்க் கேக்கணும்? மீன் புடிக்கிற நம்ம ஆளுங்க போட்டு டீசல் குடிக்காம ஓடணும், அவ்ளோதான்" என்று சிரிப்பான்.

அப்படி ஒரு பொருளை நாங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் கட்டினோம். எந்த அணு எங்கே உட்காரும், பொருள் உதிராமல் நிற்குமா என்ற பாதி என்னுடையது. அதற்குள் சோடியம் ஓடுகிறதா என்று பார்க்கும் பாதி அவனுடையது. ஓடியது ஜெசிந்தா. அதுவரை யாரும் சொல்லாத வேகத்தில் ஓடியது. அன்றைக்குத் தரமணியில் எங்கள் ஆராய்ச்சிக்கூட வாசல் டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். கடைக்காரர் இவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்து, பையனா பொண்ணா என்று கேட்டார். இந்தப் பாவி, "ரெண்டும்ணா" என்றான்.

இப்போது தப்புக்கு வருகிறேன். ஒரு சிட்டிகைப் பொடியில் இருக்கிற அணுக்களைக்கூட எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது. அதனால் கொஞ்சம் அணுக்களை மட்டும் எடுத்து ஒரு கட்டத்துக்குள் வைப்போம். இதே கட்டம்தான் எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடுவோம். வலது பக்கம் வெளியே போகும் அணு, இடது பக்கமாக உள்ளே வந்துவிடும். அந்தக் கட்டத்தை ஜான் 'டப்பா' என்பான். புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு அவன் விளக்கம் சொல்வதைக் கேட்க வேண்டுமே! "சலூன்ல முன்னாடி ஒரு கண்ணாடி, பின்னாடி ஒரு கண்ணாடி. நடுவுல நீ குந்திக்கினு கீற. பாத்தா உன்ன மாதிரியே வரிசையா நூறு பேரு குந்திக்கினு கீறான். நீ கையத் தூக்குனா அத்தினி பேரும் தூக்குவான். இதாண்டா டப்பா" என்பான். டப்பா பெரிதாக இருந்தால் அந்த நகல்கள் எங்கோ தூரத்தில் இருக்கும், தொந்தரவு இல்லை. சின்னதாக இருந்தால் ஆபத்து. ஒரு சோடியம் அடியெடுத்து வைத்தால், அதன் நகல்களும் அதே நொடியில் அடியெடுத்து வைக்கும். அதுவே தனக்கு வழிவிட்டுக்கொண்டு, தடையே இல்லாமல் வரிசையாக ஓடும். நிஜத்தில் பக்கத்தில் நிற்பது வேறொரு அணு. அது அப்படியெல்லாம் வழிவிடாது.

ஜான் எடுத்த டப்பா சின்னது.

சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. பெரிதாக எடுத்தால் மெஷின் மாதக்கணக்கில் அடைபட்டுப் போகும், எங்களைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்க மாட்டார்கள். அப்போது எல்லோருமே அந்த அளவில்தான் செய்துகொண்டிருந்தோம். பெரிய கட்டத்தில் சரிபார்க்க வேண்டும் என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் அவனே எழுதியும் வைத்தான். செய்திருப்பான். அதற்குள் அந்த ஐப்பசி மழை வந்தது, டெங்கு வந்தது. நீ பிளைட் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியே கிடந்திருக்க வேண்டியதுதானே, யார் கேட்டார்கள் என்கிறாய். ஒருவன் கேட்டான் ஜெசிந்தா. ஜீஷான் என்று பெயர், வேறொரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். நம் கட்டுரையைப் படித்துவிட்டு அந்தப் பொருளை நிஜமாகவே செய்ய உட்கார்ந்திருக்கிறான். பொடியைக் கலந்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுட்டு எடுத்துப் பார்த்தால் சோடியம் அசையவே இல்லை. மறுபடி கலந்து, மறுபடி சுட்டு, அவனுடைய படிப்புக் காலமெல்லாம் அதிலேயே கரைந்துவிட்டது. அவனுடைய புரொபசர், பேப்பரில் வருவது உன் கையில் வரவில்லை என்றால் கோளாறு உன் கையில்தான், இந்த வேலைக்கு நீ லாயக்கில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாராம். போன ஆவணியில் என்னைப் பார்க்கத் தரமணிக்கு வந்தான். வில்லைகளை ஒரு பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். விரல் நுனியெல்லாம் சூடுபட்ட தழும்பு. "ஜான் சார் பேப்பர்ல தப்பு இருக்காது மேடம். நான் எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லிடுங்க, அப்புறம் இந்த லைனையே விட்டுடறேன்" என்றான். பெருங்குடியில் ஏதோ ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம்.

ஜானைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லாத பையன். அவ்வளவு நம்பிக்கை.

இப்போது புது வழி ஒன்று வந்திருக்கிறது. துல்லியமான கணக்குகளைக் காட்டிக் காட்டிப் பழக்கினால், கம்ப்யூட்டர் அந்த இழுப்பையும் தள்ளலையும் சட்டென்று சொல்லக் கற்றுக்கொள்கிறது. பெரிய டப்பாவையும் அதில் ஓட்டலாம். ஜான் சரி என்று நிரூபித்து அந்தப் பையனுக்குக் காட்டலாம் என்றுதான் ஓட்டினேன், சத்தியமாகச் சொல்கிறேன். சோடியம் நகரவில்லை. இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். சூட்டை ஏற்றினேன், அங்கங்கே காலி இடம் விட்டுப் பார்த்தேன், நான் பழக்கியதில்தான் கோளாறோ என்று முதலிலிருந்து பழக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டப்பாவை ஜான் எடுத்த அளவுக்கே சின்னதாக்கினேன். உடனே ஓட ஆரம்பித்தது, அவன் காட்டிய அதே வேகத்தில். சீட்டில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஜீஷானைக் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டுவான் என்று தயாராக இருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டான். பிறகு, "அப்போ என் கை சரிதானா மேடம்?" என்று கேட்டான். சரிதான்ப்பா, உன் கையில் ஒரு குறையும் இல்லை என்றேன். இதை நான் அவனுக்கு மட்டும் காதோடு சொன்னால் போதாது. அவனுடைய புரொபசருக்குத் தெரிய வேண்டும். அச்சில் வர வேண்டும். உலகத்தில் இன்னும் எத்தனை பேர் இதே பொடியைக் கலந்து, இதே மாதிரி திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது.

நீ ஒரு யோசனை சொன்னாய்: "தப்பு என்னுதுன்னு நீங்க எழுதிக் குடுத்துடுங்களேன், உயிரோட கீறவங்க தாங்கிக்கலாம்" என்று. உனக்கு முன்னாலேயே அது எனக்குத் தோன்றிவிட்டது. எழுதியும் விட்டேன். சாருலதா செய்த பிழை என்று திரையில் பார்த்தபோது மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! ஆனால் அது நிற்காது. ஓட்டிய கணக்குகள் ஒவ்வொன்றும் அவன் பேரில் பதிவாகியிருக்கிறது. நாளைக்கு எவனாவது தோண்டிப் பார்த்தால், இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பான். தப்பு செய்தவன் என்பதில் எங்கள் தொழிலில் அவமானம் ஒன்றும் இல்லை, நாங்கள் எல்லோரும் செய்கிறோம். மறைத்தவன் என்று வந்துவிட்டால் ஆளே காலி. என் ஜான் அப்படி ஒரு பேர் வாங்க நான் விடமாட்டேன்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். அப்பா, "செத்துப்போனவா விஷயத்தை எதுக்குடி கிளறிண்டு இருக்கே? உன் வேலையைப் பார்த்துண்டு போயேன்" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? நான் இளைத்துவிட்டேனாம், சிடுசிடு என்று விழுகிறேனாம், டாக்டரிடம் போகலாம் என்கிறார். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட தூசியில் ஒரே தும்மல், அதுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு எல்லாப் பழியும் மெட்ரோ மேல்.

இனி உன் அம்மா விஷயம். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று நீ சொன்னாய். மன்னித்துக்கொள், சொல்லிவிட்டேன். மாதா கோவில் திருவிழாவில் ஜான் பேரில் பிள்ளைகளுக்கு டியூஷன் சென்டர் திறக்கப் போகிறார்கள். அன்றைக்குப் பார்த்து எவனாவது போனில் படித்துவிட்டு அம்மா காதில் போட்டால் அவர் மனசு என்ன பாடுபடும்? என் வாயால் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது.

போன ஞாயிறு பூசை முடிந்து லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் அம்மா கடைக்குப் போனேன். எனக்காக வழக்கம்போல் இரண்டு துண்டு வஞ்சிரம் எடுத்து வைத்திருந்தார். உனக்குத்தான் தெரியுமே, அது எங்கள் வீட்டு வாசற்படி ஏறாது. தோழியின் ரூமில் வறுத்துத் தின்றுவிட்டு, கையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு நல்ல பெண்ணாக வீட்டுக்குப் போவேன். கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். டப்பா, சோடியம் எல்லாம் சொல்லவில்லை. ஜான் செய்த கணக்கில் ஒரு பிழை இருக்கிறது, அந்தப் பொருள் வேலை செய்யாது, கட்டுரையை வாபஸ் வாங்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா மீனை அறுப்பதை நிறுத்தவில்லை. "எவன் கண்டுபுச்சான்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "நீயா?" என்று நிமிர்ந்து பார்த்தார் பார், அந்தப் பார்வைக்கு அவர் என்னை ரெண்டு அறை அறைந்திருக்கலாம்.

பிறகு, "அவனுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியாது, கடைசிவரைக்கும் தெரியாது, ஆஸ்பத்திரியில்கூட அந்தப் பொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான் என்றேன். "அப்ப சந்தோசமாத்தான் போயிருக்கான் எம்புள்ள" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்கு அழைத்துப் போனார். முட்டிவலி முன்னைவிட அதிகம், தெருமுனை வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஒழுங்காகப் போடுகிறாரா என்று நீயும் போனில் கேள்.

உள்ளே மாதா படத்துக்குக் கீழே அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார். நான் அதுவரை பார்த்ததில்லை. யாரிடம் சொல்லிச் செய்தாரோ தெரியவில்லை. "அம்மா, இதை எடுத்துரலாமா?" என்று தயங்கித்தான் கேட்டேன். நாலு பேர் வந்து போகிற வீடு, யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களே என்றுதான். அம்மாவுக்கு வந்ததே கோபம். "இன்னாத்துக்கு எட்க்கணும்? உள்ள கீறது தப்போ ரைட்டோ, எனக்கு அதப் படிக்கவா தெரியும்? மேல அவன் பேரு கீது. பக்கத்துல உன் பேரு கீது. வேற எங்கமா நான் உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்கறது?" என்றார்.

எங்களைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை ஜெசிந்தா. உன்னிடமும் சொல்லவில்லை. பொங்கல் கழித்து முதலில் என் அப்பாவிடம், பிறகு உன் அம்மாவிடம், பிறகு உனக்குப் போன் என்று திட்டம் போட்டிருந்தோம். என் அப்பா குதிப்பார், ஒரு வருஷம் பேசமாட்டார், அப்புறம் வழிக்கு வந்துவிடுவார் என்று ஜான் சமாதானம் சொல்வான். அந்தப் பொங்கல் வரைக்கும் அவன் இருக்கவில்லை. அடக்கத்தின்போது கூட வேலை பார்த்தவர்கள் வரிசையில் கடைசியில் நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, தலைவலி என்று படுத்துக்கொண்டேன். யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. எதற்கு என்று சொல்வார்கள், யாருக்கும்தான் தெரியாதே.

எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய் அல்லவா? வாபஸ் வாங்கிய கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடமாட்டார்கள். நெட்டில் அப்படியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே, கொட்டை எழுத்தில், திரும்பப் பெறப்பட்டது என்று அடித்துவிடுவார்கள். முதல் பக்கத்தில் எங்கள் இரண்டு பேர் மேலும் அது விழும். நான் இன்னும் நூறு எழுதுவேன், நிஜம்தான். அதில் எதிலும் ஜான் என்ற பேர் வராது. கல்யாணப் பத்திரிகை அடிக்கவில்லை, வாழ்த்து மடல் அடிக்கவில்லை. ஜான், சாருலதா என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சில் வந்தது இது ஒன்றில்தான். அதைத்தான் நான் என் கையாலேயே அழிக்கிறேன்.

அறிவிப்பில், 'நாங்கள் எடுத்துக்கொண்ட கட்டம் சிறிதாக இருந்தது. எங்கள் முடிவு தவறு' என்று எழுதியிருக்கிறேன். அவன் என்றும் எழுதவில்லை, நான் என்றும் எழுதவில்லை. இறந்தவரின் குடும்பத்தில் ஒருவர் அறிந்து சம்மதிக்கிறாரா என்று கட்டுரையை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். அம்மா உன்னைக் கேட்கச் சொல்லிவிட்டார். நீ மறுத்தாலும் இது நிற்காது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் குடும்பத்தார் ஒப்பவில்லை என்று கீழே ஒரு வரி சேர்ந்துவிடும். அவனுக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒரு வரி வேண்டாம் ஜெசிந்தா. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. கோபம் தீராவிட்டால் திட்டியே எழுது, கூடவே அதையும் எழுது. வேளைக்குச் சாப்பிடு, கழுத்தைக் காட்டு. திருவிழாவுக்கு லீவு கிடைத்தால் வந்துவிடு, ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் ஜான் அண்ணனின்
சாரு.